கொண்டு வந்தவர் பார்க்காத பூ

எங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடு எதற்குள்ளாவது நீங்கள் போனால், வீட்டுக்காரர்கள் அதைச் சுற்றிக் காட்டுகிற முறையே தனி. “இது பர்மாத் தேக்கு, இது இத்தாலிச் சலவைக்கல், அந்த நிலைக்கண்ணாடி பெல்ஜியத்துச் சரக்கு” என்று ஒவ்வொரு சாமானையும் அதன் பிறந்த ஊரைச் சொல்லித்தான் அறிமுகப்படுத்துவார்கள். கட்டிக்கொண்டு வந்த மருமகளைப் பெயர் சொல்லாமல் ‘தேவகோட்டைக்காரி’ என்று சொல்வதில்லையா, அதைப் போல. ஆனால் அந்தத் தேக்கை எந்த வருஷம், எந்தக் கப்பலில், யார் ஏற்றி அனுப்பினார் என்று கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் பெரியவுக காலத்துல வந்தது” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சாமானுக்கு ஊர் இருக்கிறது. கொண்டு வந்தவருக்குப் பெயர் இல்லை.

நான் இங்கே எழுத வந்தது தேக்கைப் பற்றியல்ல, ஒரு பூவைப் பற்றி. அதுவும் சாமியின் தலையிலோ பெண்களின் கூந்தலிலோ ஏறாத பூ. வாசனை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் கிடையாது. தொட்டியில் வைத்து, உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, நிமிர்ந்து பார்ப்பதற்காகவே உள்ள பூ. பிகோனியா என்று பெயர்.

சென்ற மார்கழியில் எங்கள் தெரு ஆச்சி ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வளவின் கிழக்குத் தாழ்வாரத்தில், தேக்குத் தூண்கள் இரண்டுக்கு நடுவே, கம்பிக் கூடை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கூடை தெரியாதபடி பளபளவென்ற இலை. இலைக்கு மேலே கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ.

“மெழுகுல செஞ்சு வச்சதுன்னு நெனச்சேன் தம்பி. தொட்டுப் பாத்தா உசிரோட இருக்கு. பேரன் கொடைக்கானல்லேயிருந்து கொண்டாந்தான்” என்றார் ஆச்சி.

“பேர் சொன்னானா ஆச்சி?”

“என்னமோ பிகோனியாவாம். எந்த ஊர்ப் பேரோ, யாரு வச்சாகளோ!”

ஆச்சி கேட்டது நியாயமான கேள்வி. பெயரிலிருந்தே தொடங்குகிறேன்.

அது ஊர்ப் பெயரல்ல, ஆளின் பெயர். மிஷேல் பெகோன் என்று ஒரு பிரெஞ்சு அதிகாரி. 1680களில் மேற்கிந்தியத் தீவுகளில் பிரெஞ்சு ராஜாவின் நிர்வாகியாக இருந்தவர். செடிகளிலும் புத்தகங்களிலும் ஆசை கொண்டவர், ஆராய்ச்சிக்காரர்களை ஆதரித்தவர். ஷார்ல் பிளூமியே என்ற பாதிரியார் அந்தத் தீவுகளின் செடிகொடிகளை ஆராயப் போனது இவருடைய சிபாரிசால்தான். அந்த நன்றிக்காகத் தாம் கண்ட புதுச் செடியினத்துக்குப் பாதிரியார் இவர் பெயரையே 1690களில் சூட்டினார். 1753இல் லின்னேயஸ் அதை ஏற்றுக்கொள்ள, பெயர் நிலைத்துவிட்டது. பெகோன் செய்த வேறொரு காரியமும் சரித்திரத்தில் பதிவாகி இருக்கிறது. பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைகளை எப்படி நடத்தலாம், எப்படித் தண்டிக்கலாம் என்று 1685இல் ஒரு சட்டம் வந்தது. ‘கறுப்புச் சட்டம்’ என்றே அதற்குப் பெயர். அதற்கு அடிப்படையான அறிக்கைகளைத் தயாரித்துக் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். உலகத்திலுள்ள இரண்டாயிரத்துச் சொச்சம் பிகோனியா வகைகளும் இந்த மனிதரின் பெயரைத்தான் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கின்றன. தம் பெயருக்கு யார் காரணம் என்று பூக்களுக்குத் தெரியாமல் இருப்பதும் ஒரு விதத்தில் நல்லதுதான்.

இதில் நமக்கு ஒரு சிறு பெருமை உண்டு. பாதிரியார் பெயர் வைப்பதற்கு முன்பே, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் பிகோனியா ஒன்று அச்சில் ஏறிவிட்டது. கொச்சியில் இருந்த டச்சுக் கவர்னர் வான் ரீடு மலையாளத்துச் செடிகளையெல்லாம் படத்தோடு பன்னிரண்டு பாகங்களாக 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சிட வைத்தார் அல்லவா? அதில் இந்தச் செடியும் இருக்கிறது. ‘புளி’ என்று முடிகிற மலையாளப் பெயரோடு இருக்கிறது. பிகோனியாவின் தண்டைக் கடித்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் தெரியும், நல்ல புளிப்பு. மலைவாசிகள் நாக்கால் கண்டுபிடித்து வைத்த பெயர் அது. பிறகு அந்தச் செடிக்கும் சாஸ்திரப் பெயர் வந்தது, ‘பிகோனியா மலபாரிகா’ என்று. புளி போய்விட்டது, பெகோன் துரை வந்துவிட்டார்.

ஆனால் கொடைக்கானலிலும் உதகையிலும் கண்ணாடி மாளிகைக்குள் நுழைந்ததும் நம்மை மலைக்க வைக்கிற, ரோஜாவைப் போல அடுக்கடுக்கான பெரிய பூ நம் மலையில் பிறந்ததல்ல. கிழங்குப் பிகோனியா என்கிற அந்த ஜாதியின் கதை தென்னமெரிக்காவில், ஆண்டிஸ் மலையில் தொடங்குகிறது. அந்தக் கதைக்கு ஒரு கதாநாயகன் உண்டு. கதை எழுதுகிறவனாகிய என்னைப் பிடித்துக்கொண்டது அவன் கதைதான்.

லண்டனில் செல்சீ பகுதியில் வீட்ச் என்ற குடும்பத்தாரின் நாற்றுப்பண்ணை இருந்தது. பண்ணை என்றால் நாலு பாத்தியும் ஒரு கிணறும் என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைக்குச் செட்டிநாட்டார் ஒருவருக்குப் புரிகிற மாதிரி சொல்வதானால், அது ஒரு பெரிய மார்க்கா. வெளிதேசங்களிலெல்லாம் ஏஜெண்டு வைத்து நடத்திய வியாபாரம். நம்மவர்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் ஆளனுப்பியது போல, அவர்கள் ஜப்பானுக்கும் போர்னியோவுக்கும் பெருவுக்கும் ஆளனுப்பினார்கள். இங்கே வட்டியும் நெல்லும். அங்கே விதையும் கிழங்கும். ஏஜெண்டுக்குச் சம்பளம் உண்டு, வழிச்செலவு உண்டு. கொண்டு வருகிற சரக்கு முழுவதும் முதலாளிக்கு.

அப்படிப் போன ஏஜெண்டுதான் ரிச்சர்டு பியர்ஸ். இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன்போர்ட்டுக்காரர். 1859இல், இருபத்து நாலு வயது வாக்கில், சிலி தேசத்துக்குக் கப்பல் ஏறினார். அதன் பிறகு பெரு, பொலிவியா என்று ஆண்டிஸ் மலையெங்கும் அலைந்தார். 1864இல் பொலிவியாவிலிருந்து அவர் அனுப்பிய சரக்கில் ஒரு பிகோனியா இருந்தது. மெல்லிய தண்டு, நிற்கத் திராணியில்லாமல் வளைந்து தொங்கும், தொங்குகிற நுனியில் ஜிமிக்கி போல நீண்ட ஆரஞ்சுச் சிவப்புப் பூ. அதற்குப் ‘பொலிவியென்சிஸ்’ என்று பெயர். அடுத்து லா பாஸ் பக்கத்திலிருந்து மஞ்சள் பூப் பூக்கும் ஒரு குட்டைச் செடி வந்தது. மூன்றாவது, கூஸ்கோ நகரத்தின் அருகே ஏறத்தாழ 12,000 அடி உயரத்தில் பாறை இடுக்கில் கிடைத்தது. கனத்த இலை, அகன்ற சிவப்புப் பூ. மஞ்சள் பூவுக்கு ஏஜெண்டின் பெயரால் ‘பியர்சி’ என்றும், சிவப்புப் பூவுக்கு முதலாளியின் பெயரால் ‘வீட்சி’ என்றும் பெயர் வந்தன. பங்கு பிரித்த விதம் அப்படியொன்றும் மோசமில்லை. ஆனால் பாறை இடுக்குக்கு வழி காட்டிய மலைக்காரருக்கும், கிழங்கு மூட்டையைக் கோவேறு கழுதையில் ஏற்றித் துறைமுகம் வரை நடத்தி வந்தவருக்கும் ஒரு இலைகூட மிஞ்சவில்லை.

1867இல் பாரிஸ் நகரத்துக் கண்காட்சியில் பொலிவியென்சிஸை வைத்தபோது தோட்டக்காரர்கள் கூடிக் கூடிப் பார்த்தார்கள். ஊர் திரும்பியிருந்த பியர்ஸ், பிறகு வேறொரு பண்ணைக்காரரிடம் வேலை ஒப்புக்கொண்டு, மறுபடியும் தென்னமெரிக்காவுக்குப் புறப்பட்டார். 1868 ஜூலையில் பனாமாவில் காய்ச்சல் கண்டு இறந்தார். வயது முப்பதைச் சற்றே தாண்டியிருந்தது.

அவர் போன பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. வீட்ச் பண்ணையில் ஜான் செடன் என்று ஒரு தோட்டக்காரர் இருந்தார். கலப்புச் செடி உண்டாக்குவதில் கெட்டிக்காரர். பியர்ஸ் அனுப்பிய பொலிவியென்சிஸோடு, ஆண்டிஸிலிருந்து வந்த மற்றொரு பிகோனியாவைச் சேர்த்து அவர் ஒரு புதுச் செடியை உண்டாக்கினார். 1870இல் அது விற்பனைக்கு வந்தது. கிழங்குப் பிகோனியாவில் மனிதன் கைபட்டுப் பிறந்த முதல் கலப்பு அதுதான். தோட்டக்காரரின் பெயராலேயே ‘செடெனி’ என்றார்கள். கொண்டு வந்தவர் இறந்து இரண்டே வருஷம்.

கலப்பு என்றால் ஏதோ ரசாயனச் சாலையில் நடக்கிற வித்தை என்று எண்ண வேண்டாம். பொறுமையும் ஒரு தூரிகையும் போதும். பிகோனியாவில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. இரண்டும் ஒரே செடியில், பல சமயம் ஒரே கொத்தில் பூக்கும். பெண்பூவை அடையாளம் காண்பது சுலபம். இதழ்களுக்குப் பின்னால், மூன்று சிறகு வைத்த சின்னஞ்சிறு காய் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு செடியின் ஆண்பூவிலிருந்து மகரந்தத்தைத் தூரிகையில் தொட்டு, வேறு ஜாதிச் செடியின் பெண்பூவின் முறுக்கிய மஞ்சள் முடியில் தடவ வேண்டும். வண்டு வந்து காரியத்தைக் கெடுத்துவிடாமல் மூடி வைக்க வேண்டும். சில வாரத்தில் காய் பழுத்து வெடிக்கும். உள்ளே விதை என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கும், அவ்வளவு பொடி. மூக்குப்பொடி கூட அதைவிடக் கனம். ஒரு கிராமில் பல்லாயிரம் விதை நிற்கும். அதை மண்ணில் புதைக்கக் கூடாது. மேலாகத் தூவிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆயிரம் நாற்று முளைத்தால், தாயைப் போல நூறு, தகப்பனைப் போல நூறு, இரண்டுக்கும் கெட்டது எழுநூறு. எங்கேயோ ஓர் ஓரத்தில் ஒன்றோ இரண்டோ புதிதாக, யாரும் பார்த்திராததாக நிற்கும். மற்றதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த ஒன்றை மாத்திரம் வைத்துக்கொள்கிற மனவுறுதிக்குத்தான் கலை என்று பெயர்.

ஒன்றிலிருந்து ஒன்றாக வேலை வளர்ந்தது. 1876இல் வால்டர் டேவிஸ் என்ற இன்னொரு ஏஜெண்டு பெருவிலிருந்து குட்டையாய், நிமிர்ந்து நிற்கும் வகை ஒன்றை அனுப்பினார். அது கலந்ததும் பூக்கள் தலை நிமிர்ந்தன. பிரான்சில் நான்சி நகரத்து விக்டர் லெமுவான் அதே பத்தாண்டில் அடுக்குப் பூக்களை உண்டாக்கினார். ஆண்பூவின் மகரந்தத் தாள்கள்தாம் இதழாக மாறி அடுக்காகின்றன. அதனால்தான் கொத்தின் நடுவில் இருக்கும் ஆண்பூ ரோஜா போலப் பெருக்கிறது. இரண்டு பக்கத்திலும் உள்ள பெண்பூக்கள் ஒற்றை இதழோடு அடக்கமாக நிற்கின்றன. கண்காட்சிக்கு வைக்கிறவர்கள் நடுப்பூ பெருக்கட்டும் என்று அந்தப் பெண்பூக்களைக் கிள்ளி எறிந்துவிடுவார்கள். இதைப் பற்றி ஆச்சியிடம் சொன்னபோது, “பூவுலயுமா?” என்று மட்டும் கேட்டார்.

இவற்றில் தொங்கும் கூடைக்கென்றே பிறந்த வகைகளுக்குப் பூர்வீகம் அந்தப் பொலிவியென்சிஸ்தான். நிற்கத் திராணியில்லாத தண்டு தொட்டிக்குக் குறை. அதையே உயரத்தில் கட்டிவிட்டால் அழகு. குறையை இடம் மாற்றி வைத்துக் குணமாக்கிவிட்டார்கள்.

இந்த இடத்தில் நம் ஊர்க் கதை ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தப் பக்கத்துப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அடுத்தாளாகி, ஏஜெண்டாகி, மூன்று வருஷக் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் வந்து, சில மாதம் மனைவி மக்களோடு இருந்துவிட்டு மறுபடியும் கப்பலேறியவர்கள். ‘கொண்டுவிக்கப் போயிருக்கார்’ என்பார்கள். ரங்கூன் முகல் தெருக் கிட்டங்கியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, இங்கே எழும்பும் வீட்டுக்கு மரமும் கல்லும் அனுப்பினார்கள். 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறக்குறையக் கால் பங்கு இவர்கள் கைக்கு வந்திருந்தது. பொருளாதார மந்தத்தில் கடனைக் கட்ட முடியாத பர்மியக் குடியானவர்களிடமிருந்து வந்த நிலம் அது. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயமான சரித்திரம். பிறகு 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. 1942இல் லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டிலும் மலையிலும் நடந்தே வந்தார்கள். வழியிலேயே கண்ணை மூடியவர்கள் எத்தனையோ ஆயிரம். அவர்களில் எங்கள் பக்கத்து மனிதர்களும் உண்டு. தாங்கள் அனுப்பிய தேக்கு எந்தத் தூணாக நிற்கிறது, அந்தத் தூணில் சாய்ந்துகொண்டு பேரப்பிள்ளை எப்படிச் சிரிக்கும் என்று பார்க்காமலே போனவர்கள்.

பியர்ஸும் அந்த வரிசைக்காரர். அதனால்தான் பனாமாவில் இறந்த ஒரு வெள்ளைக்காரப் பையனின் கதை காரைக்குடியில் உட்கார்ந்து படிக்கிற எனக்கு அந்நியமாகப் படவில்லை.

மேல்நாட்டில் மலர்ந்த இந்தச் செல்வம் நம் பக்கம் வந்தபோது, வந்து இறங்கிய இடம் மலைவாசஸ்தலங்கள். உதகையின் தாவரத் தோட்டத்தை அமைக்க 1848இல் கியூ தோட்டத்திலிருந்து வந்தவர் மக்ஐவர். அவர் கையிலேதான் 1860களின் தொடக்கத்தில் சின்கோனாக் கன்றுகள் வந்து சேர்ந்தன. காய்ச்சலுக்குக் கொய்னா தரும் அந்த மரமும் ஆண்டிஸ் மலைச் சரக்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டிஸுக்கும் நீலகிரிக்கும் அப்போதே கொடுக்கல் வாங்கல் ஏற்பட்டுவிட்டது. கொடைக்கானலில் 1908இல் பிரையண்ட் என்ற காட்டிலாகா அதிகாரி பூங்காவைத் திட்டமிட்டார். அவர் பெயராலேயே இன்றும் அது வழங்குகிறது. இந்த இரண்டு இடத்துக் கண்ணாடி மாளிகைகளிலும் பிகோனியாத் தொட்டிகளைப் பார்க்காமல் கோடை விடுமுறைக்குப் போனவர்கள் யாரும் திரும்பியிருக்க மாட்டார்கள்.

அந்தப் பெரிய பூவைக் காரைக்குடிக்குக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? பலரும் கொண்டு வந்து பார்த்திருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கிய மூன்றாவது வாரம் மொட்டு உதிரும். ஐந்தாவது வாரம் தண்டு குழையும். பிறகு கிழங்கு அழுகும். “இது குளிர்தேசத்துப் பூ” என்று சொல்லி அனுதாபப்படுவார்கள். அது அவ்வளவு சரியல்ல. லா பாஸும் கூஸ்கோவும் பூமத்திய ரேகைக்குத் தெற்கே உஷ்ணமண்டலத்துக்குள் இருப்பது போல, வடக்கே நாமும் அதற்குள்தான் இருக்கிறோம். அதுவும் நம்மைப் போல உஷ்ணமண்டலத்துப் பிரஜைதான். ஆனால் பத்துப் பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் பிறந்து பழகியது. அதற்கு வேண்டியது பனியல்ல. பனி விழுந்தாலும் செத்துப்போகும். இங்கிலாந்திலேயே பனிக்காலம் வருமுன் கிழங்கைத் தோண்டி, உலர்ந்த மணலில் புதைத்து, அறைக்குள் வைத்துப் பாதுகாப்பார்கள். அது கேட்பது ராத்திரியில் கொஞ்சம் குளிர்ச்சி, அவ்வளவுதான். சித்திரையில் பகல் நூறு டிகிரிக்கு மேல் கொதித்துவிட்டு, ராத்திரியும் ஆறாத எங்கள் ஊரால் அந்தச் சின்ன வரத்தைக் கொடுக்க முடியாது.

அப்படியானால் ஆச்சி வீட்டில் பூத்தது எப்படி? அது வேறு கிளை. பிரேசில் நாட்டில் பிறந்து, வேறு செடிகளின் வேர்மண்ணில் ஒளிந்துகொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெர்லின் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த ஒரு பிகோனியா உண்டு. டிக்கெட் வாங்காமல் வந்த பயணி! சதா பூத்துக்கொண்டே இருப்பதால் ‘செம்பர்ஃபுளோரென்ஸ்’ என்று லத்தீனில் பெயர். மெழுகுப் பிகோனியா என்பது இதன் சந்ததி. கிழங்கு கிடையாது, வேர்தான். இதையும், கணுக்கணுவாக மூங்கில் போல வளரும் பிரேசில் வகையையும் கலந்து உண்டாக்கியவை வெயிலைக் கொஞ்சம் பொறுக்கும். ‘டிராகன் விங்’ என்று இப்போது நாற்றுப்பண்ணைகளில் விற்கிறார்களே, அது இந்த ரகம். தொங்கும் கூடைக்கு மிகவும் ஏற்றது.

வளர்க்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. எங்கள் பக்கத்தில் மழை மிகுதியாகப் பெய்வது ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த மழை காற்றை ஆற்றிய பிறகு தொடங்குங்கள். மாசி முடிய நன்றாகப் பூக்கும். கம்பிக் கூடைக்குள் தேங்காய் நாரைத் தடுக்காகப் பரப்பி, இரண்டு பங்கு மக்கிய இலை, ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்று மணல் கலந்து நிரப்ப வேண்டும். கையில் பிடித்தால் சேர்ந்து, விட்டால் உதிர்கிற பதம். காலை வெயில் ஒரு மணி நேரம் போதும். வளவின் தாழ்வாரம் அதற்கென்றே கட்டியது போல அமைந்திருக்கிறது. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, மேல் மண் காய்ந்த பிறகே தண்ணீர். இலையில் படாமல் அடியில் விட வேண்டும். பிகோனியா தாகத்தால் சாவது அபூர்வம். அன்பு மிகுந்து தண்ணீர் ஊற்றுகிறவர்கள் கையில் சாவதே அதிகம். இங்கத்திக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அந்தக் காலத்தில் வளவில் விழும் மழைநீரை அண்டாவில் பிடித்து வைப்பார்களே, அந்தத் தண்ணீர் கிடைத்தால் அமிர்தம். பங்குனி பிறந்ததும் விரல் நீளத் துண்டுகளாக நுனியைக் கிள்ளி ஈர மணலில் நட்டு, இரண்டாம் கட்டில் குடிதண்ணீர்ப் பானை இருக்கும் மூலையில் வைத்துவிடுங்கள். தாய்ச் செடி கோடையில் போனாலும் போகட்டும். பிள்ளைகள் பிழைத்துக் கிடக்கும்.

வெயிலுக்குப் பயந்து தூங்கிக் கிடப்பது பிகோனியாவுக்குப் புதிதல்ல. அரபிக் கடலில், ஏடனுக்கு அப்பால், சொகோத்ரா என்று ஒரு வறண்ட தீவு. 1880இல் பால்ஃபர் என்ற பேராசிரியர் அங்கே ஒரு பிகோனியாவைக் கண்டார். அனல் காலத்தில் இலையெல்லாம் உதிர்த்து, மண்ணுக்குள் சிறு குமிழ்களாக ஒடுங்கிக் கிடந்து, குளிர் காலத்தில் எழுந்து பூக்கிற செடி. லெமுவானும் வீட்ச் பண்ணையாரும் அதையும் விடவில்லை. கலந்து குளிர்காலப் பூக்களை உண்டாக்கினார்கள். 1950களில் ஜெர்மனியில் ரீகர் என்பவர் அந்த வழியில் எடுத்த வகைகள்தாம், இன்று பெங்களூர்ப் பக்கத்திலிருந்து சிறு தொட்டிகளில் நம் ஊர் வரை வருகின்ற அடுக்குப் பூக்கள்.

இவ்வளவு தேசத்துச் சரக்கு ஒரு கூடையில் தொங்குகிறது. ஆனால் எந்தத் தொட்டியின் மேலும் இந்தப் பெயர்கள் இல்லை. ரகத்தின் பெயரும் விலையும்தான். அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள காப்பிடோலா என்ற ஊரில் பிகோனியாக் கிழங்கு பயிரிட்டார்கள். விற்பனை கிழங்குக்குத்தான், பூ வீண். வீணாகிற பூவை என்ன செய்வது என்று யோசித்து, 1950களில் தொடங்கி ஆண்டுதோறும் ஒரு விழா எடுத்தார்கள். படகுகளைப் பிகோனியாவால் ஜோடித்து ஆற்றில் மிதக்க விடுவது. ஏறக்குறைய நம் தெப்பம்தான். சாகுபடி நின்று போகவே, 2017இல் நடந்த விழாவே கடைசி விழாவாயிற்று. அறுபது வருஷத்துக்கு மேல் நடந்த தெப்பம், பூ இல்லாததால் நின்றது.

பூ நின்றால் ஊரே தெரிந்துகொள்ளும். பூவைச் சுமந்து வந்தவர் நின்றுபோனால் யாருக்குத் தெரிகிறது? பெகோன் துரை இந்தச் செடியைக் கண்டெடுத்தவர் அல்ல. இனம் முழுவதும் அவர் பெயரில் இருக்கிறது. அந்த இனத்தில் பியர்ஸுக்கு ஒரே ஒரு செடி. வழிகாட்டிய மலைக்காரருக்கு அதுவும் இல்லை. சரித்திரம் பெயர்களைப் பங்கிடுகிற முறை இது. எங்கள் வீடுகளில் மட்டும் வேறு மாதிரி இருக்குமா? ஆனாலும், ஏட்டில் எழுத மறந்ததைச் சில சமயம் வஸ்துவே நினைவு வைத்துக்கொள்கிறது. ‘பியர்சி’ என்ற அந்தக் குட்டைச் செடியைக் கடைகளில் பார்ப்பது அபூர்வம். அதைத் தேடுகிறவர்களும் சொற்பம். ஆனால் கிழங்குப் பிகோனியாக்களில் மஞ்சள் என்று ஒரு நிறம் வந்ததே அதன் ரத்தத்தால்தான். எலுமிச்சை மஞ்சளாகட்டும், பொன் மஞ்சளாகட்டும், ஆரஞ்சின் ஓரத்தில் ஓடுகிற ஒரு சாயலாகட்டும், அது லா பாஸ் மலைச்சரிவிலிருந்து அந்த இளைஞன் தோண்டி அனுப்பிய மஞ்சள்.

அடுத்த முறை கோடைக்குக் கொடைக்கானல் போகிறவர்கள் கண்ணாடி மாளிகையில் மஞ்சள் பூ பூத்த தொட்டி எது என்று தேடிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் குழந்தைகள் இருந்தால், இதைக் கொண்டு வந்தவர் இதைப் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். பிறகு ஊர் திரும்பியதும், வீட்டில் பெரியவர்கள் இன்னும் இருக்கும்போதே, அந்தத் தேக்குத் தூண் யார் அனுப்பியது என்று ஒரு தடவை கேட்டுப் பெயரை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.